பால்கோவா தராசில் ஒரு பிஸ்டல்

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவா கடைக்குள் நின்று நான் குறி பார்த்தேன்.

பதற வேண்டாம். கையில் இருந்தது ஒன்றரை கிலோ பால்கோவா. கடைக்கார சரவணன் பெட்டியைக் கட்டி நீட்டினான். வாங்கினேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். வலது கை தானாகத் தோள் உயரத்துக்கு எழுந்து நீண்டது, இடது கை இடுப்புக்குப் போனது, ஒரு கண் எதிர்ச் சுவரில் தொங்கிய காலண்டரில் நிலைகுத்தியது. பக்கத்தில் நின்ற தம்பதி மெதுவாக நகர்ந்து கொண்டார்கள்.

“என்னக்கா, கை வலியா?” என்றான் சரவணன்.

“ஆமாப்பா... பழைய வலி” என்றேன். பொய் இல்லை.

ஒன்றரை கிலோ என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கத்தரிக்காய்? கோழிக்கறி? எனக்கு ஸ்டெல்லா ஞாபகம்தான் வரும்.

எண்பதுகளின் நடுவில் நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். சாயங்காலம் பஸ் ஏறி ராஜபாளையம் போய்விடுவேன். ஊருக்கு வெளியே, அய்யனார் கோவில் போகிற ரோட்டில், பழைய பஞ்சு குடோன் ஒன்றில் ஒரு துப்பாக்கி கிளப் நடந்தது. முன்னே மலையில் வேட்டைக்குப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தார், வேட்டையைத் தடுத்துச் சட்டம் வந்த பிறகு, காகிதத்தைச் சுட ஆரம்பித்திருந்தார்கள். மான் தப்பித்தது, காகிதம் மாட்டிக்கொண்டது.

என் வக்கீல் அதில் மெம்பர். “சும்மா வந்து பாரும்மா” என்றார். பார்க்கப் போனவள் திரும்பவில்லை. காரணம் துப்பாக்கி இல்லை, ஸ்டெல்லா.

ஸ்டெல்லா ஒரு நூற்பு மில்லில் டெஸ்டிங் பிரிவில் வேலை பார்த்தாள். நூல்கண்டை நிறுத்து அது எத்தனையாம் நம்பர் நூல் என்று சொல்வது வேலை. உயரமானவள், சிரித்தால் குடோன் கூரையில் புறா பறக்கும். பிஸ்டலைத் தூக்கிவிட்டாளோ... அதன் பிறகு அவளிடம் பேசவே கூச்சமாக இருக்கும். அப்படி ஓர் அமைதி. அந்த அமைதிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்றே நான் துப்பாக்கி பழகினேன் என்று இன்று சொல்லலாம். அன்று சொல்லத் தெரியவில்லை.

இங்கே கொஞ்சம் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

காற்றுத் துப்பாக்கிப் போட்டி என்றால் பத்து மீட்டர் தூரத்தில் ஒரு காகிதம். ஒற்றைக் கையை நீட்டிச் சுட வேண்டும், இன்னொரு கை தொடக் கூடாது. பிஸ்டலின் எடை ஒன்றரை கிலோவைத் தாண்டக் கூடாது. டிரிக்கரில் அரை கிலோ கல்லைத் தொங்கவிட்டுத் தூக்கினால் டிரிக்கர் விடுபடக் கூடாது. இந்த இரண்டு எடைகளுக்குள் நீங்கள் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம்.

எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்? லேசானதைத்தானே? நானும் அப்படித்தான். கிளப்பில் இரண்டு பிஸ்டல்கள். ஒரு கிலோகூடத் தேறாத உள்ளூர்த் தயாரிப்பை நான் எடுத்துக்கொண்டேன். கை வலிக்காது. ஆனால் லேசான பிஸ்டலுக்கு உங்கள் ரகசியம் எல்லாம் தெரியும். மூச்சு விட்டால் ஆடும், நெஞ்சு அடித்தால் ஆடும், பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமே என்று நினைத்தால் அதற்கும் ஆடும்.

கனமான பிஸ்டல் அப்படி இல்லை. அது மெதுவாகத்தான் அசையும். குறியில் போய் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். ஆனால் அதற்குக் கூலி தோள்பட்டை. நாற்பது தடவை தூக்கி இறக்க வேண்டும். முப்பதுக்கு மேல் கை உங்களுடையதாகவே இருக்காது.

ஸ்டெல்லா கனத்தைத் தேர்ந்தெடுத்தாள். வெளிநாட்டுப் பிஸ்டல், அதுவே நல்ல கனம். அது போதவில்லை அவளுக்கு. “இன்னும் கொஞ்சம் எடம் இருக்குட்டி. ரூல் குடுக்கிற எடைய எதுக்கு விடணும்?” என்றாள். பாட்டரிக் கடையில் ஈயம் வாங்கி, உருக்கி ஊற்றி, பிஸ்டல் குழாய்க்கு அடியில் திருகாணி போட்டு மாட்டினார் கிளப் செக்ரட்டரி. அவரை எல்லோரும் ராஜா என்றுதான் கூப்பிடுவோம். தூக்கிப் பார்த்துவிட்டு “பாக உந்தி” என்றார். நல்லா இருக்கு என்று அர்த்தம். தெலுங்கில் பாராட்டினால் அவர் நிஜமாகவே பாராட்டுகிறார் என்று பொருள்.

எனக்கு ஸ்டெல்லாவிடம் கிடைத்தது திட்டு மட்டும்தான். குறி பார்க்கும்போது நான் மூச்சை அடக்கி, முகம் சிவந்து நிற்பேன். பின்னால் இருந்து குரல் வரும்: “ஏட்டி, மூச்ச விடு.”

அந்த வருடம் அவளுக்குக் கல்யாணம் பேசினார்கள். மாப்பிள்ளைக்கு வடக்கே இரும்பாலையில் வேலை. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் மாதா கோவிலில் கல்யாணம் வைக்க மாட்டார்கள், ஆகவே ஈஸ்டர் கழிந்ததும் என்று முடிவு. சென்னையில் மாநிலப் போட்டி அந்தத் தவக்காலத்துக்குள் வந்தது. ஸ்டெல்லா அப்பாவிடம் போய் நின்றாள்.

அவர் அன்று சொன்னதை நானும் கூட இருந்து கேட்டேன். “சரி, போயிட்டு வா. மாநில டீமுக்கு எடுத்தாகன்னா கல்யாணத்த ஒரு வருசம் தள்ளிப் போட நான் பேசுதேன். எடுக்கலைன்னா துப்பாக்கிய வச்சிரணும். அதுக்குப் பொறவு அந்தப் பேச்சு வரக் கூடாது.”

நியாயமான மனிதர்தான். ஒரு வருடம்... அந்த ஒரு வருடத்துக்கு நான் எத்தனை சாமியைக் கும்பிட்டேன் என்று ஸ்டெல்லாவுக்குத் தெரியாது. ஆண்டாள் சந்நிதியில் ஒரு நாள், அவளோடு மாதா கோவிலில் ஒரு நாள்.

சென்னைக்குப் போகும் முன் எடையைச் சரிபார்க்க வேண்டும். எங்கே நிறுப்பது? மில்லில் நல்ல தராசு உண்டு. ஆனால் கேட்டில் வாட்ச்மேன் பையைத் திறந்து பார்ப்பார். பிஸ்டலோடு உள்ளே போனால் வேலையோடு வெளியே வர முடியாது. நான்தான் தினமும் கடக்கிற பால்கோவா கடையைச் சொன்னேன். ஸ்டெல்லா கைதட்டினாள்.

அப்போது கடையில் இருந்தவர் சரவணனின் அப்பா சுப்பையா அண்ணாச்சி. துண்டைப் பிரித்துப் பிஸ்டலைக் கல்லாவில் வைத்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

“ஏ தாயி, என்னது இது?”

“காத்துத் துப்பாக்கி அண்ணாச்சி. குருவி கூடச் சாகாது” என்றாள் ஸ்டெல்லா.

அண்ணாச்சிக்குப் பாதி நம்பிக்கை வந்தது. தராசின் சரக்குத் தட்டில் எப்போதும் ஒரு காலிப் பெட்டி உட்கார்ந்திருக்கும், வருகிறவர்களுக்குத் தயாராக. அதை எடுத்து ஓரமாக வைத்தார். பிஸ்டலை வைத்தார். மறு தட்டில் ஒரு கிலோ, அரை கிலோ. முள் நேராக நின்றது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

“சொன்னேம்லா” என்றாள் ஸ்டெல்லா. அண்ணாச்சி வாய்க்கு இனிப்பாக ஆளுக்கொரு உருண்டை கொடுத்தார். அவள் கையில் எடுத்து நாக்கில் வைத்த விதம்கூட எனக்கு நினைவிருக்கிறது.

சென்னையில் சோதனை மேஜை. ஒவ்வொரு பிஸ்டலையும் நிறுத்து, டிரிக்கரில் கல் தொங்கவிட்டு, சரியாக இருந்தால் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். ஒப்புக்கு நானும் பெயர் கொடுத்திருந்தேன்; என் பிஸ்டல் ஒரு நொடியில் தேறியது. அதை யாரும் மதிக்கக்கூட இல்லை.

ஸ்டெல்லாவின் பிஸ்டலை வைத்த அதிகாரி தலையை ஆட்டினார். “கூடுதல்மா.”

மறுபடி வைத்தார். கூடுதல்தான். ரொம்ப இல்லை, கையில் பிடித்தால் தெரியாத அளவு. ஆனால் ரூலுக்குக் கை தெரியாது.

கூட வந்திருந்த ராஜா ஈயத்தைக் கழற்றச் சொன்னார். ஐந்து நிமிட வேலை. கழற்றினால் பிஸ்டல் தேறிவிடும். ஆனால் ஸ்டெல்லாவின் கை மாதக்கணக்கில் பழகியது அந்த ஈயத்தோடு. அது இல்லாமல் பிஸ்டலின் மூக்கு மேலே தூக்கும். அவள் யோசிக்கவே இல்லை. “கழத்த மாட்டேன். அறுக்கேன்” என்றாள்.

அவள் முறைக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. கேன்டீனில் தேங்காய் கீறுகிற கத்தியை வாங்கிக்கொண்டு வேப்பமரத்தடிப் படியில் உட்கார்ந்தோம். ஈயம் மெத்தென்றுதான் இருக்கும் என்பார்கள். மொட்டைக் கத்தியால் அறுத்துப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

“குடு, நான் அறுக்கேன். உனக்குக் கை வேணும்” என்றேன்.

“நீ கூடுதலா அறுத்துப்போடுவ” என்றாள். பிடுங்கப் பார்த்தேன், விடவில்லை. அவள் அறுக்க, நான் ஈயத்தை அமுக்கிப் பிடித்திருந்தேன். ஓடிப் போய் நிறுத்தோம். இன்னும் கூடுதல். திரும்ப ஓடிவந்து அறுத்தாள். அவளுடைய வலது கை, அந்தக் கை, மணிக்கட்டு வரை சிவந்து நடுங்கியது. கடைசியில் முனையில் ஒரு துண்டு உதிர்ந்தது, கடலைமிட்டாய் அளவு. ஸ்டிக்கர் ஒட்டினார்கள். மயிரிழையில், ஒன்றரை கிலோவின் உள்ளே.

பிஸ்டல் தேறிவிட்டது. கை?

முதல் பத்துக் குண்டும் காகிதத்தில் சிதறி விழுந்தன. என் முறைக்கு நேரம் இருந்தது; நான் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தோள் அப்படி ஆடி நான் பார்த்ததே இல்லை. இரண்டாவது பத்து கொஞ்சம் பரவாயில்லை. மூன்றாவதில் கை மெல்லத் திரும்பியது. எல்லோருக்கும் கை சோர்கிற நேரத்தில் இவளுக்கு மட்டும் சரியாகிக்கொண்டு வந்தது. கடைசிப் பத்தில்... அந்த அமைதி வந்துவிட்டது. குடோனில் நான் பார்த்த அதே அமைதி. அன்று அந்த ஹாலில் யாரும் அப்படிச் சுடவில்லை. பக்கத்து ஊர்க் கோச்சுகள் எழுந்து வந்து அவள் பின்னால் நின்றார்கள்.

ஆனால் கூட்டுவது நாற்பதையும் சேர்த்துத்தானே? டீமில் அவள் பெயர் இல்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவள் அழுவாள் என்று நினைத்தேன். ஜன்னல் பக்கம் திரும்பியபடி ஒன்றே ஒன்று கேட்டாள்.

“கடசிப் பத்து பாத்தியா?”

“பாத்தேன்.”

“அது போதும்ட்டி.”

எனக்குப் போதவில்லை. இன்றுவரை போதவில்லை.

எப்படிக் கூடியது என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஊர் வந்ததும் நேராக அண்ணாச்சியிடம் போனோம். சொன்னோம். அவர் சரக்குத் தட்டில் இருந்த காலிப் பெட்டியை எடுத்தார். தராசு கல் வைக்கிற பக்கம் சாய்ந்தது. ஒரு கல்கூட வைக்காமலே.

கல் தட்டைத் திருப்பிக் காட்டினார். அடியில் ஒரு தகடு பற்ற வைத்திருந்தது.

“பெட்டி எடைக்கும் சேத்து நாம காசு வாங்கக் கூடாதுன்னு எங்கய்யா வச்சது தாயி. பெட்டிக்கு அது சரியாப் போகும். பெட்டி இல்லாம நான் எதையும் நிறுத்ததே இல்ல... எனக்கு நெனப்பே வரல.” தட்டைத் திரும்ப அதன் இடத்தில் வைத்தார். “ஒங்க பொழப்புல மண்ணப் போட்டுட்டேனே.”

ஸ்டெல்லாதான் அவரைத் தேற்றினாள். “விடுங்க அண்ணாச்சி. நான் தெனமும் நூல் நிறுக்கவ. காலித் தட்டப் பாக்கணும்னு எனக்குல்லா தோணிருக்கணும்.” பிறகு என்னைப் பார்த்து, புறா பறக்கிற அந்தச் சிரிப்பைச் சிரித்தாள். பெட்டி எடைக்குக் காசு வாங்காத தராசு, உலகத்திலேயே நேர்மையான தராசு, அந்தத் தகட்டின் எடையை எங்கள் பிஸ்டலில் மறைத்து எங்களை ஏமாற்றிவிட்டது. யாரைக் கோபித்துக்கொள்வது?

ஈஸ்டர் கழிந்து கல்யாணம் நடந்தது. அப்பாவுக்குக் கொடுத்த வாக்கை அவள் மீறவில்லை. ரயில் ஏற்றிவிட விருதுநகர் வரை போனேன். அதன் பிறகு நான் கனமான பிஸ்டலுக்கு மாறினேன், தெரியுமா? சுடுவதற்கு இல்லை. அவள் கை பட்டுப் பட்டு வழுவழுத்த பிடி அது. சில மாதம் தூக்கிப் பார்த்தேன். தோள் வலித்தது, பின்னாலிருந்து திட்ட ஆளில்லை. கிளப் பக்கம் போவதை விட்டுவிட்டேன்.

போன வாரத்துக்கு வருவோம். ஸ்டெல்லாவின் தம்பி வடக்கே அவளைப் பார்க்கப் போகிறான், அவன் கையில் பால்கோவா கொடுத்தனுப்பத்தான் கடைக்குப் போனேன். பழைய தராசு இல்லை. மின்சாரத் தராசு வந்துவிட்டது, சிவப்பு எழுத்தில் எண் ஓடுகிறது. சரவணன் காலிப் பெட்டியை வைத்தான். எண் வந்தது. ஒரு பட்டனை அமுக்கினான். சைபர். பெட்டியே இல்லாத மாதிரி ஆகிவிட்டது.

“தாத்தா தகட்டுல செஞ்சாக, நாங்க பட்டன்ல செய்தோம்க்கா” என்றான் பெருமையாக.

என் கைப்பையில் அந்த ஈயத் துண்டு இருந்தது, கடலைமிட்டாய் அளவு. வேப்பமரத்தடியில் பொறுக்கி எடுத்தது. ஸ்டெல்லாவுக்கு யாராவது போகும்போதெல்லாம் கொடுத்தனுப்பலாம் என்று எடுத்துப் போவேன். ஒவ்வொரு முறையும் வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுவேன். அனுப்பிவிட்டால் அவளுடையது என்று என்னிடம் என்ன இருக்கும்? இந்த முறையும் பைக்குள்ளேயே விட்டுவிட்டேன்.

சரவணன் ஒன்றரை கிலோ நிறுத்துக் கட்டி நீட்டினான். அதற்குப் பிறகு நடந்ததுதான் நான் முதலில் சொன்னது. கை நீண்டது. காலண்டரில் இருந்த கறுப்புத் தேதி ஒன்று தெளிவாகத் தெரிந்தது. செத்த நேரம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அப்புறம் பெட்டி ஆட ஆரம்பித்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறேன் என்று எனக்கே தெரிந்தது.

விடச் சொல்லி ஒரு குரல் வருமே என்று இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.