கோழிக்கூண்டுக்குப் போன கதவு

எங்கள் கோழிக்கூண்டை மூடியிருப்பது ஒரு வீட்டுக் கதவு. குறுக்கே படுக்கவைத்து, மேல்பக்கம் கீல் அடித்திருக்கிறது. ஒரு பக்கம் முழுக்க அடுப்புப் புகையின் கறுப்பு. பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அது என் அண்ணியின் அடுப்பங்கரைக் கதவு.

மரக்காணம் உப்பளத்தில் மழை வந்தால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் கூலி இல்லை. அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் உலை கொதித்தது அண்ணியின் கோழிகளால்தான். முட்டை விற்றாள், சேவல் விற்றாள், அரிசி வாங்கினாள். அண்ணனும் நானும் உட்கார்ந்து தின்றோம். இதை எங்கள் ஊரில் எந்த ஆம்பளையும் வெளியே சொல்ல மாட்டான். நான் சொல்கிறேன்.

கீரித் தொல்லை தாங்காமல் ஒரு கோடையில் அண்ணன் கூண்டு கட்டினான். அளத்துச் சேற்றைக் கொண்டுவந்து, மிதித்து, சுவர் எழுப்பினான். உப்புப் பாத்திக்கு வரப்பு போடுகிற சேறு அது. வெயிலில் காய்ந்தால் கடப்பாரைக்கும் அசையாது. "கல்லு மாதிரி நிக்கும்டி. கீரிக்குப் பல்லு ஒடையும் பாரு" என்றான். அண்ணி நம்பினாள், நானும் நம்பினேன். மழையில் வரப்பு கரைவதும், தை பிறந்ததும் திரும்பப் போடுவதும் எங்களுக்குத் தெரியாததா? வரப்பென்றால் தெரியும். சுவரென்றதும் மறந்துவிட்டது.

முதல் பெருமழை ஒரு பகலில் வந்தது. அளத்தில் உப்பு குவிந்து கிடந்தது. கீற்றுப் போட்டு மூடாவிட்டால் அத்தனையும் தண்ணீராகிவிடும். கோழிகள் நனையக் கூடாதென்று அண்ணி ஒன்றுவிடாமல் பிடித்துக் கூண்டில் அடைத்தாள். மூன்று பேரும் ஓடினோம். முதலாளியின் உப்பைக் காப்பாற்றிவிட்டுத் திரும்பியபோது, கூண்டின் முன்சுவர் கூழாக வழிந்து கிடந்தது. கீரி தின்றது ஒன்றை. மற்றவற்றைக் கழுத்தைக் கடித்துப் போட்டிருந்தது. மேலே கழியில் ஒண்டியிருந்த ஒரு பெட்டைதான் மிச்சம்.

"வெளிய உட்டிருந்தா ஓடியாவது பொழைச்சிருக்கும்" என்றாள் அண்ணி. அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். அவள் உட்காரவில்லை. அடுப்பங்கரைக் கதவைக் கடப்பாரையால் நெம்பினாள். "தம்பி, அந்தப் பக்கம் புடி" என்றாள். பிடித்தேன்.

எதிர்வீட்டுக்காரி வாசலில் நின்று சிரித்தாள். "ஏண்டி, கோழிக்குக் கதவு, சோத்துக்குக் கதவில்லையா?"

"சோத்த நாய் தின்னா மறுபடி பொங்கிக்கலாம். இத கீரி தின்னுட்டா எத்தப் போட்டுப் பொங்கறது? நீ குடுப்பியா?"

எதிர்வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது.

அந்த ஒரு பெட்டையை வைத்துக்கொண்டு அந்த மழைக்காலத்தை எப்படி ஓட்டினாள் என்று நாங்கள் கேட்கவில்லை. தட்டில் சோறு விழுந்தது, தின்றோம். அவள் என்ன தின்றாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அண்ணி இப்போது இல்லை. கூண்டுச் சுவர்கள் செங்கல்லாகிவிட்டன. உள்ளே இருப்பவை அந்தப் பெட்டையின் வம்சம். கடற்கரைச் சாலையில் பங்களா கட்டியிருக்கும் ஒருவர், "கீரியும் வாழணும் இல்லீங்களா?" என்று எனக்குப் புத்தி சொல்கிறார். வாழட்டும். அவர் பங்களாவில் வாழட்டும்.

வானம் கறுத்தால் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து போய்ச் சுவரை உள்ளங்கையால் அழுத்திப் பார்க்கிறேன். செங்கல் என்று தெரியும். கை கேட்பதில்லை. பின்னால், கதவே வைக்காத அடுப்பங்கரையில் நாய் பானையை உருட்டுகிற சத்தம் கேட்கிறது. உருட்டட்டும். நான் தாழ்ப்பாளை இன்னொரு தரம் இழுத்துப் பார்க்கிறேன்.