அமெரிக்கக் குரல்காரர்

மயிலாப்பூரில் என்னோடு பறக்கும் ரயில் ஏறுவார். பெரிய மீசை, வெயிலிலும் கழுத்தில் மப்ளர். தரமணி கால் சென்டரில் வேலை. அவர் பேசும் ஆங்கிலத்தை அங்கே ஒரு கருவி அமெரிக்க உச்சரிப்பாக மாற்றிவிடும். ஆனாலும் தொண்டைக்கு இதமாக வெந்நீர் குடித்துக்கொண்டே வருவார்.

ஒருநாள் முகம் வாடியிருந்தது.

"நேத்து ஒரு கஸ்டமர் படுத்திட்டாரு சார். 'இன்னா நைனா, உயிர வாங்குற'ன்னு வாய் தவறிச் சொல்ட்டேன். அவரும் தமிழ் ஆளு."

"வேலை போயிடுச்சா?"

"இல்ல சார். வெள்ளைக்காரன் தமிழ் பேசுறான்னு சந்தோஷப்பட்டு ஃபுல் மார்க் குடுத்தாரு. அப்புறம் தமிழ்லயே பேசுனோம். 'ழ' மட்டும் பழகிக்கோன்னாரு. நான் மந்தைவெளில பொறந்தவன் சார்."

பாவமாக இருந்தது. "வாழைப்பழம் சொல்லுங்க, பார்ப்போம்" என்றேன்.

"வாயப்பயம்."

"அவருக்குத்தான் காது சரியில்ல" என்றேன். அன்று நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.