பித்தளை உருண்டை

ஒலிபெருக்கியை மரப்பெட்டியில் வைத்தால் பெட்டியும் சேர்ந்து அதிரும், உருண்டையில் வைத்தால் குரல் தெளியும் என்று படித்திருந்தேன். செய்து காட்டினால் வேலை தருவதாகச் சிம்மக்கல் ரேடியோக் கடை முதலாளி சொல்லியிருந்தார். பாத்திரக்காரரிடம் பித்தளை உருண்டை அடிக்கச் சொன்னேன். அவர் கணக்கில் நல்ல குடம் என்றால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். அவரும் அப்படியே மெல்லிசாக அடித்துக் கொடுத்தார். எனக்கு வேண்டியது ஒலிக்காத உலோகம் என்று சொல்லத் தெரியவில்லை.

கடையில் ஒலிபெருக்கியை உருண்டைக்குள் பொருத்தி ரேடியோவைப் போட்டேன். செய்தி தொடங்கியதும் சொல்லுக்குச் சொல் உருண்டையும் ரீங்கரித்தது. அன்றைய உழவை விட்டுவிட்டு என்னோடு வந்திருந்த அப்பாவுக்குப் பூரிப்பு.

“எம்புட்டுக் கணீர்னு இருக்கு பாத்தீகளா!”

“இருக்குண்ணே. செய்தியில என்ன சொன்னான், சொல்லுங்க பாப்போம்” என்றார் முதலாளி.

வீட்டில் படித்தவன் நான்தானே என்று அப்பா என்னைப் பார்த்தார். எனக்கும் ஒரு சொல்கூட விளங்கவில்லை. முதலாளி உருண்டையைக் கழற்றி அப்பாவின் கையில் கொடுத்தார்.