ஜெசிந்தா மிஸ் ஒப்புக்கொண்ட இரண்டரை அடி

செவ்வாய்க்கிழமை காலை வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றபோது குருநகரிலிருந்து அந்தோனி போன் எடுத்தார். ஜெசிந்தா மிஸ்ஸின் தம்பி, கடற்றொழில் செய்கிறவர். அதற்கு முன் அவர் என்னோடு இரண்டு தடவைக்கு மேல் கதைத்ததில்லை.

“அண்ணை, அக்கா எங்களை விட்டிட்டு மோசம் போயிட்டா. பூசைக்கு வெளிக்கிட்டவ, செருப்புப் போடக் கதிரையிலை இருந்தவ, பிறகு எழும்பேல்லை.”

“ஓம், வாறன்” என்று மட்டும் சொன்னேன். போனை வைத்த பிறகுதான் வேறெதுவும் கேட்கவில்லை என்பது உறைத்தது. தண்ணீர் பாத்தியை நிரப்பி வழிந்து வரம்புக்கு வெளியே ஓடும்வரை அப்படியே நின்றிருந்தேன்.

இதை வாசிக்கும் உடுப்பிட்டிக்காரருக்கு அவரை அறிமுகம் செய்யத் தேவையில்லை. கறுப்புக் குடையும் தோளில் துணிப்பையுமாக நெல்லியடிச் சந்தியில் பஸ்ஸால் இறங்கி நடந்து வருவாரே, அவர்தான். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நில அளவை வேலையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவர். திருமணம் செய்யவில்லை. எங்கள் விவசாயச் சங்கத்தில் அவர் எந்தப் பதவியிலும் இருந்ததில்லை. ஆனாலும் இன்று எங்கள் செம்மண் தோட்டத்தில் உழவு இயந்திரம் ஓடும் ஒவ்வொரு கோடும் அவர் போட்ட கோடுதான்.

எங்கள் கதை இப்படித் தொடங்கியது. பக்கத்துப் பக்கத்தில் தோட்டம் வைத்திருந்த பதினொரு குடும்பங்கள், நடுவில் இருந்த வேலிகளையும் வரம்புகளையும் எடுத்துவிட்டு, ஒரே இயந்திரத்தால் ஒன்றாக உழுது சால் போடுவது என்று தீர்மானித்தோம். யாழ்ப்பாணத்தில் வேலியை எடுப்பது என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். வேலிக்கு நடும் ஒரு கதியாலைத் தள்ளி நட்டதற்காகப் பத்து வருடம் முகம் பாராமல் இருந்த சகோதரர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே உண்டு. வேலி இல்லாவிட்டாலும் அவரவர் எல்லை அங்குலம் பிசகாமல் நிற்கும், இயந்திரம் அதை நினைவில் வைத்திருக்கும் என்று சொல்லித்தான் எல்லாரையும் சம்மதிக்க வைத்தேன். சங்கத்தின் செயலாளர் நான். சொன்ன எனக்கே அது எப்படி நடக்கும் என்று முழுதாகத் தெரியாது.

விளக்கியவர் ஜெசிந்தா மிஸ்தான். முதல் நாள் சங்கக் களஞ்சியத்தில் எல்லாரையும் இருத்திவைத்து அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

“வானத்திலை சுத்துற செய்மதி சொல்லுற இடம் சில அடி அங்காலை இஞ்சாலை பிழைக்கும். அதாலை ஒரு கருவியை அசையாமல் ஓரிடத்திலை நிப்பாட்டுறம். அதுக்குத் தன்ரை இடம் சரியாத் தெரியும். செய்மதி இப்ப எவ்வளவு பிழைக்குது எண்டு பார்த்து, மெசினிலை ஓடுற கருவிக்கு அது சொல்லிக்கொண்டிருக்கும். நிக்கிறது தன்ரை இடத்தை மறந்தால் ஓடுறதும் பிழைச்சுப் போகும். அவ்வளவுதான் விசயம்.”

அந்த நிற்கும் கருவியைத்தான் நாங்கள் ‘பேஸ்’ என்கிறோம். எந்த பேஸை வாங்குவது என்பதில்தான் முதல் சண்டை வந்தது. கொழும்பிலிருந்து வந்த விற்பனையாளர் பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு கருவியை நிறுத்தி, உழவு இயந்திரத்தை ஓட்டிக் காட்டினார். கோடு நூல் பிடித்தது போலப் போனது. எல்லாரும் கைதட்டினார்கள். மிஸ் மட்டும் குடையை விரித்துக்கொண்டு, “உங்களுக்குத் தோட்டம் மைதானத்திலையோ இருக்கு?” என்று கேட்டார். பிறகு பேஸை அங்கேயே விட்டு இயந்திரத்தை மட்டும் எடுக்கச் சொல்லி, தொண்டைமானாற்றுப் பக்கமாகப் பனங்கூடல் நெருங்கி நிற்கும் எங்கள் தோட்டத்தின் கடைசித் துண்டுக்குக் கூட்டிப்போனார். அங்கே போனதும் பேஸிலிருந்து வரும் தொடர்பு விட்டு விட்டு வந்தது. கோடு இரண்டு தடவை துள்ளியது.

விற்பனையாளருக்கு முகம் கறுத்துப் போயிற்று. “இந்த நாலு பனையையும் தறிச்சு விட்டால் சரியாப் போகும், மிஸ்” என்றார்.

“பனை தறிக்கக் கோடாலி காணும், தம்பி. உந்தப் பெட்டி எதுக்கு?”

அன்று சிரித்த சிரிப்பில்தான் எங்கள் ஆட்கள் அவரை நம்பத் தொடங்கினார்கள் என்று நினைக்கிறேன். அடுத்த இரண்டு மாதமும் இன்னும் இரண்டு கருவிகளை வருவித்து அதே பனங்கூடலில் வைத்துப் பார்த்தார். கடைசியில் தெரிவு செய்தது ஆகப் பெரியதும் அல்ல, ஆகச் சின்னதும் அல்ல. பலவகைச் செய்மதிகளின் சமிக்ஞையையும் பிடிப்பது, வானொலித் தொடர்பு விட்டால் போன் வழியாகவும் கதைக்கக்கூடியது, வயர் பழுதானால் யாழ்ப்பாணத்திலேயே வாங்கி மாற்றக்கூடியது. தண்ணீர்த் தாங்கியின் மேல் பூட்டினால் சமிக்ஞை தூரத்துக்கு எட்டும் என்று சிலர் பிடிவாதமாக நின்றார்கள். தாங்கி நிரம்பும்போதும் வடியும்போதும் மயிரளவு அசையும் என்று மறுத்துக் களஞ்சியத்தின் கொங்கிறீட் கூரையில் இரும்புக் குழாய் நட்டுப் பூட்டுவித்தார். அந்த இடத்தின் எண்களை ஒரு கொப்பியில் எழுதி, மூன்று பிரதி எடுத்து, ஒன்றை என்னிடம் தந்தார்.

இவ்வளவு கண்டிப்பு ஏன் என்று ஒருநாள் கேட்டேன். தகப்பனைப் பற்றிச் சொன்னார். அந்தக் காலத்தில் கடலுக்கடியில் மீன் கூடும் பாறைத்திட்டான பாரைக் கண்டுபிடிப்பது கரையை வைத்துத்தான். கோயில் கோபுரமும் ஓர் ஒற்றைப் பனையும் ஒரே நேர்கோட்டில் தெரிந்தால் வலை போடுவார்களாம். சண்டைக் காலத்தில் ஒருநாள் ஷெல் விழுந்து அந்தப் பனை முறிந்துபோயிற்று. தகப்பன் நாள் முழுக்கச் சுற்றிவிட்டு வெறும் வள்ளத்தோடு வந்தாராம்.

“எல்லாரும் அப்பாக்குக் கண் மங்கிப்போச்சு எண்டுதான் சொன்னவை. அப்பா கடலிலை பிழைக்கேல்லை. கரை மாறிப்போச்சு. அதை ஆரும் போய்ப் பார்க்கேல்லை.”

இதைச் சொன்ன அதே மனுசிதான் பிறகு ஒரு பிழை விட்டார். நினைவஞ்சலியில் இதை எழுதலாமா என்று யோசித்தேன். இதை விட்டால் எழுதுவதற்கு ஒன்றும் இல்லை.

இரண்டாவது வருடம் களஞ்சியக் கூரை ஒழுகியது. மேசன் வேலைக்காகக் குழாயைக் கழற்றிப் பிறகு பூட்டினோம். அன்று மிஸ்ஸுக்குக் காய்ச்சல். இருந்தும் வந்தார். கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில், கொப்பியிலுள்ள எண்களைக் கொடுக்காமல், கருவி தானாகவே தன் இடத்தைக் கண்டுபிடிக்க விட்டுவிட்டுப் போய்விட்டார். அது கண்டுபிடித்த இடம் இரண்டரை அடி தள்ளி.

நாங்கள் ஒருவரும் அறியவில்லை. அடுத்த போகத்துக்கு எங்கள் சாரதி ரவி வழக்கம்போல இயந்திரத்தை இறக்கினார். எல்லாக் கோடுகளும் இரண்டரை அடி கிழக்கே போயின. சிவயோகமக்காவின் துண்டில் மண்ணுக்குள் புதைத்திருந்த சொட்டு நீர்க் குழாய்கள் வரிசையாக அறுந்தன. பக்கத்துத் துண்டுக்காரரின் சால் அவவுடைய காணிக்குள் நின்றது. கணவன் இல்லாமல் தனியாகத் தோட்டம் செய்கிறவ. மண்ணிலிருந்து கிழிந்த குழாயை இழுத்தெடுத்துக்கொண்டு களஞ்சியத்துக்கே வந்துவிட்டா.

“வேலியை எடு எடு எண்டு நிண்டியள். இதுக்குத்தானே?”

பக்கத்துத் துண்டுக்காரர் ரவியைக் கைக்குள் போட்டுக்கொண்டு செய்வித்த வேலை என்று ஒரே நாளில் ஊர் முழுக்கக் கதை பரவியது. ரவி எவ்வளவோ சொன்னார். “அண்ணை, நான் ஸ்ரியரிங்கிலை கையே வைக்கேல்லை. அதுதான் ஓடினது.” ஒருவரும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அவரை நிறுத்துவது என்று பேச்சு எழுந்தது.

சனிக்கிழமை மிஸ் வந்தார். நேரே கூரைக்கு ஏறினார். அரை மணித்தியாலம் கழித்து இறங்கி வந்து, படியில் இருந்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டு எனக்கு மட்டும் சொன்னார். “நான் எண்களைக் குடுக்காமல் போயிருக்கிறன்.”

அப்போது நான் சொன்னதை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. இங்கே எழுதுகிறேன்.

“மிஸ், இதைக் கூட்டத்திலை சொல்லாதேங்கோ. சொன்னால் எல்லாரும் திரும்ப வேலி போட்டிடுவினம். செய்மதிப் பிழை எண்டு சொல்லுவம். ரவிக்கும் ஒண்டும் வராது.”

அவர் கோபிக்கவில்லை. 

“செயலாளர், வானம் பிழைச்சது எண்டு சொன்னால் வானம் வந்து மறுக்காது. ஆனா சனம் அதை நம்பாது. ரவியைத்தான் தொடர்ந்து பார்க்கும். சாகும்வரைக்கும் பார்க்கும்.”

மறுநாள் எழுந்து நின்று சொன்னார். நீளமாகக் கதைக்கவில்லை. என்ன செய்திருக்க வேண்டும், என்ன செய்யாமல் விட்டார், அதனால் கோடு எவ்வளவு நகர்ந்தது என்று சொல்லி, “ரவியிலை ஒரு பிழையும் இல்லை. பிழை என்ரை” என்று முடித்தார். சிலர் கத்தினார்கள். ஒருவர், முப்பது வருடம் என்னத்தை அளந்தனீங்கள் என்று கேட்டார். அதற்கும் அவர், “கேக்கவேண்டிய கேள்விதான்” என்றார்.

இரண்டு குடும்பங்கள் அன்றே விலகி வேலி போட்டன. ஒன்று அடுத்த வருடம் திரும்பி வந்தது. மற்றது வரவேயில்லை. நான் பயந்தது முழுப் பொய்யும் அல்ல.

மிஸ் அடுத்த மூன்று நாளும் குருநகரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, சிவயோகமக்காவின் துண்டில் குந்தியிருந்து, அறுந்த குழாய்களை ஒவ்வொன்றாக வெட்டிப் பொருத்தினார். ரவியும் கூட இருந்தார். முதல் நாள் சிவயோகமக்கா அந்தப் பக்கமே வரவில்லை. இரண்டாம் நாள் கிணற்றடியில் நின்று பார்த்தா. மூன்றாம் நாள் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, “மிஸ், உந்த வெய்யிலுக்குள்ளை இருந்து விழுந்திடாதேங்கோ. பிறகு அதுக்கும் நான் பதில் சொல்லவேணும்” என்றா. அதற்கு மேல் அவர்களுக்குள் சமாதானப் பேச்சு எதுவும் நடந்ததாக எனக்குத் தெரியாது. ஆனால் வியாழக்கிழமை குருநகர்ச் சேமக்காலையில், குழிக்கு ஆகக் கிட்ட நின்று அழுதவ சிவயோகமக்காதான்.

சேமக்காலையை விட்டு வெளியே வரும்போது ரவி எனக்குப் பக்கத்தில் நடந்து வந்தார். பஸ் நிற்கும் இடம்வரைக்கும் எனக்குள் சொற்களை அடுக்கிப் பார்த்துக்கொண்டு வந்தேன். பிறகு சொன்னேன். அந்தச் சனிக்கிழமை மிஸ்ஸை வாய் திறக்க வேண்டாம் என்று மறித்தது நான்தான் என்று.

ரவி நின்றுவிட்டார். “மிஸ் ஒரு நாளும் சொல்லேல்லையே, அண்ணை.”

“சொல்ல மாட்டா. அது நான் சொல்லவேண்டியது.”

அவர் கடல் பக்கமாகத் திரும்பிக்கொண்டார். பிறகு, “நீங்கள் முந்தின பஸ்ஸிலை போங்கோ. நான் பிறகு வாறன்” என்றார். நான் ஏறினேன். அவர் என்னை மன்னித்தாரா என்று இதை எழுதும்வரை தெரியாது. அது அவருடைய விருப்பம்.

ஜெசிந்தா மிஸ் உண்மையைச் சொல்ல ஒரு நாள் எடுத்தார். எனக்கு ஐந்து வருடம் எடுத்தது. அவருடைய துணிவு எனக்கு வராது. அதை அவரோடேயே அனுப்பிவிட்டேன். பிந்தினாலும், வெட்கமாயிருந்தாலும், உரியவரிடம் நானே போய்ச் சொல்வது என்ற ஒன்றை மட்டும் அவரிடமிருந்து எடுத்து வைத்திருக்கிறேன்.