பேரிங் சக்கர ரயில்

எண்பதுகளின் கடைசியில் ஆவடி குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் எல்லோருக்கும் ஆல்பம் ஒட்டும் பைத்தியம். தீப்பெட்டிப் படம், ஜவுளிக்கடைக் காலண்டர், தேர்தல் நோட்டீஸ் என்று ஓசியில் கிடைத்த எதுவும் எங்கள் கத்தரிக்கோலுக்குத் தப்பாது. எனக்கு மட்டும் வழவழப்பான தாள் வந்தது. அப்பா வேலை பார்த்த தொழிற்சாலைக்கு இயந்திரம் விற்க வருகிறவர்கள் கேட்லாக் கொடுத்துவிட்டுப் போவார்கள். நாலு நாளில் அது குப்பைக்கூடைக்குப் போகும். அப்பா அதை எடுத்து மடித்து, சாப்பாட்டுப் பைக்கு அடியில் வைத்துக் கொண்டுவருவார்.

பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை அது. கேட் பாஸ் இல்லாமல் துண்டுக் காகிதம்கூட வெளியே வரக் கூடாது. குப்பைக்குப் போய் பாஸ் கேட்டால் சிரிப்பார்கள் என்று அப்பா கேட்கவில்லை.

"கேட்ல புடிச்சா வேலையும் பூடும், இந்த ஊடும் பூடும்" என்று அம்மா புலம்பாத நாளில்லை.

"சும்மா குடுத்த பேப்பருக்கு இன்னா கேஸ் போடுவான்?" என்பார் அப்பா. அசட்டுத் தைரியம். சாயங்காலம் தொழிற்சாலைச் சங்கு ஊதினால் நான் வாசலுக்கு ஓடுவேன். அவர் சைக்கிள் மணி கேட்டால்தான் உள்ளே வருவேன். ஆனாலும் கேட்லாக் வேண்டாம் என்று சொல்ல வாய் வருமா?

பள்ளிக் கண்காட்சிக்கு ஆல்பத்தில் ஒரு ரயில் ஒட்டினேன். பெட்டிகள் காலண்டர் பட்டுப்புடவைகள். சக்கரங்கள் கேட்லாக்கிலிருந்து வெட்டிய, வளையம் வளையமான பேரிங் படங்கள். சிறப்பு விருந்தினராக வந்தவர் அப்பாவின் மேலதிகாரி. என் மேசையில் நின்றார். சக்கரத்தின் மேல் விரலை வைத்தார்.

"இது பேரிங்காச்சே. யார் குடுத்தாங்க?"

நான் கூட்டத்தில் அப்பாவைத் தேடினேன். பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"நான்தான் சார். குப்பைலேர்ந்து எடுத்துகினு வந்தேன்."

காலையில் வந்து பார்க்கச் சொல்லிவிட்டு அதிகாரி அடுத்த மேசைக்குப் போனார். அன்று வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

விடிந்ததும் பார்த்தால், அம்மா குளியலறை வெந்நீர் அடுப்பின் முன் குந்தியிருந்தாள். ஆல்பத்தைத் தாள் தாளாகக் கிழித்து உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள். வீட்டைச் சோதனை போட வந்தால் எதுவும் சிக்கக் கூடாதாம். அழ வாயைத் திறந்தேன்; அப்பா எழுந்துவிடப் போகிறார் என்று என் வாயைப் பொத்தினாள். அந்த நிமிஷம் அவளை வெறுத்தேன். ரயில் கடைசியாகப் போனது.

அப்பா குளித்து, விபூதி பூசி, இஸ்திரி போட்ட சட்டையில் கிளம்பினார்.

சாயங்காலம் சங்கு ஊதி வெகுநேரம் மணிச் சத்தம் கேட்கவில்லை. அம்மா பாத்திரங்களைக் கோணிப்பையில் அடுக்க ஆரம்பித்துவிட்டாள். நான் வாசலைவிட்டு நகரவில்லை. பிறகு வந்தார். சைக்கிள் கேரியரில் சணல் கட்டிய கேட்லாக் கட்டு; அதன் மேல் முத்திரை வைத்த கேட் பாஸ்.

"இனிமே பாஸ் வாங்கிகினு எடுத்துகினு போன்னுட்டாரு" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. "அந்த ரயில அவரு பொண்ணுக்குக் காட்டணுமாம். ஆல்பத்த எடுத்துகினு வா."

அம்மா குளியலறைப் பக்கம் பார்த்தாள். அந்த ரயில் எரிந்து காய்ந்த வெந்நீரில்தான் அவர் காலையில் குளித்துவிட்டுப் போயிருந்தார்.