தண்ணீர்தான் கேட்டேன்

கர்த்தருடைய பிள்ளைகளே, இதை எழுத உட்கார்ந்து நான்கு நாள் ஆகிறது. பேனாவை எடுத்தாலே டீச்சருடைய முகம் வந்து நிற்கிறது. வியர்த்து, வெளுத்து, வேப்பமரத்தில் சாய்ந்திருந்த முகம். இப்போது பக்கத்து அறையில் அவர் சத்தமாகப் பாடிக்கொண்டே துணி மடித்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பாட்டு நின்றால் உடனே எழுந்துபோய் எட்டிப் பார்க்கிறேன். நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். அதில் என் தப்பும் இருக்கிறது. அதையும் மறைக்கமாட்டேன்.

நான் கம்பைநல்லூர் பக்கத்துப் பெண். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. பிறகு பாலக்கோடு தக்காளி மண்டியில் ஆறு வருடம் பழம் தரம் பிரித்தேன். அங்கே கூட வேலை செய்த ஒரு அக்கா மூலமாகத்தான் ஆண்டவரை அறிந்தேன். ஊழியத்துக்குப் போக வேண்டும் என்று மனதில் வந்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. ஏனென்றால் நான் அவ்வளவு பயந்தவள். அடுப்பை அணைத்தேனா என்று மூன்று தடவை போய்ப் பார்ப்பேன். பஸ்ஸில் ஏறிய பிறகும் இது சரியான பஸ்தானா என்று இரண்டு பேரிடம் கேட்பேன். ஒருவர் சொன்னால் நம்பமாட்டேன்.

அப்படிப்பட்டவளைக் கன்னடம் பேசும் கிராமங்களுக்கு அனுப்புவதாக எங்கள் சபையில் முடிவு செய்து, இந்த மொழிப் பயிற்சி மையத்தில் சேர்த்தார்கள். நாங்கள் எட்டுப் பெண்கள். காலை ஐந்து மணிக்கு மணி அடிக்கும். ஜெபம், கூட்டிப் பெருக்குதல், சமையல், பிறகு வகுப்பு. காலைச் சாப்பாட்டிலிருந்து விளக்கு வைக்கும் நேரம் வரைக்கும் தமிழ் பேசக்கூடாது. வாய் தவறித் தமிழ் வந்தால், அன்றைக்கு எல்லாருடைய தட்டையும் அவள்தான் கழுவ வேண்டும். முதல் மாதம் முழுக்க நான்தான் கழுவினேன்.

"கர்த்தர் உன்னை பாத்திரம் தேய்க்கிற ஊழியத்துக்குத்தான்டி அழைச்சிருக்காரு" என்று என் அறைத்தோழி ஜெபா விளக்கு வைத்த பிறகு கிண்டல் செய்வாள். நானும் சிரிப்பேன். உள்ளே அழுகையாக வரும்.

எங்களுக்கு மொழி சொல்லிக்கொடுப்பவர் சலோமி டீச்சர். ஐம்பது வயது இருக்கும். முதல் வாரம் ஒவ்வொருத்தியிடமும், "உனக்கு ரொம்பத் தேவையான ஒரு வாக்கியம் எது? அதை முதல்ல கத்துக்கலாம்" என்று கேட்டார். ஒருத்தி, தேவன் உங்களை நேசிக்கிறார் என்பதற்குக் கேட்டாள். ஒருத்தி, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். என் முறை வந்தபோது, "எனக்குப் பயமாக இருக்கிறது" என்பதைக் கன்னடத்தில் எப்படிச் சொல்வது என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. 'நங்கெ பயா ஆக்திதெ' என்று பலகையில் தமிழ் எழுத்தில் எழுதிக்காட்டினார். அதை மட்டும் நான் மறக்கவே இல்லை.

மூன்றாம் மாத முடிவில் ஒரு பரீட்சை உண்டு. தேறினால் மீதிப் பயிற்சி, தேறாவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். தாளில் எழுதுகிற பரீட்சை அல்ல அது. நம்மை யாருக்கும் தெரியாத ஒரு கன்னடக்காரர் ஊருக்கு டீச்சர் அழைத்துப்போவார். சீட்டில் ஒரு பொருள் எழுதியிருக்கும். கன்னடத்திலேயே பேசிப் பழகி, அந்தப் பொருளைக் கேட்டு வாங்கி வரவேண்டும். மையத்தை விட்டுக் கிளம்பியதிலிருந்து திரும்பி வரும்வரை டீச்சர் ஒரு வார்த்தை பேசமாட்டார். நாம் என்ன கேட்டாலும் பதில் வராது. பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பார். இரண்டு பேருமே போனை மையத்தில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

என் சீட்டில் 'ஒரு படி ராகி' என்று இருந்தது.

முந்தின நாள் சாயங்காலம் துணி துவைக்கிற கல்லருகே நின்று ஜெபித்தேன். ஊருக்குத் திரும்பிப் போனால் அப்பா முகத்தில் எப்படி விழிப்பேன்? "ஆண்டவரே, இந்தப் பரீட்சை நடக்கவே கூடாது. எப்படியாவது நிறுத்திவிடும்." இதுதான் என் ஜெபம். 'எப்படியாவது' என்று இரண்டு தடவை சொன்னேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் ஒகேனக்கல் போகும் பஸ்ஸில் ஏறி, வழியில் ஒரு பிரிவில் இறங்கி, இரண்டு கிலோமீட்டர் நடந்தோம். கார்த்திகை மாதம், ராகி அறுப்பு நேரம். ஊரே வயலுக்குப் போயிருந்தது. டீச்சர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டு, நீ போ என்பதுபோல் கையைக் காட்டினார்.

முதல் தெருவில் எல்லாக் கதவிலும் பூட்டு. திரும்பி வந்து மரத்தடியில் நின்றேன்.

"யாருமே இல்லீங்க டீச்சர். எல்லா வூடும் பூட்டிக் கெடக்குது. திரும்பிடலாமா?"

டீச்சர் என்னைப் பார்த்தார். பதில் இல்லை. நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. அவ்வளவு வெயிலும் இல்லையே என்று தோன்றியது. மறுபடி கேட்டேன். கண்ணைப் பாதி மூடிக்கொண்டார். சரி, சட்டப்படி பேசாமல் இருக்கிறார், தமிழில் கேட்டதற்குக் கோபமும் இருக்கும் என்று நினைத்தேன். பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. ஊரில் ஆள் இல்லை, பரீட்சை நடக்காது, ஆண்டவர் கேட்டுவிட்டார் என்று மனதுக்குள் ஸ்தோத்திரம்கூடச் சொன்னேன். கால்மணி நேரம் அப்படியே இருந்திருப்பேன். என் தோளுக்குப் பக்கத்தில் அவர் மயங்கிக்கொண்டிருந்தார். நான் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

திடீரென்று டீச்சர் வாய் குழறித் தமிழில், "மணி அடிச்சாச்சா? பிள்ளைங்க வந்துட்டாங்களா?" என்றார்.

இத்தனை வருடத்தில் பரீட்சை நாளில் டீச்சர் வாய் திறந்ததே இல்லை என்பார்கள். கையைத் தொட்டேன், ஈரத்துணி மாதிரி இருந்தது. மடியிலிருந்த பை சரிந்து விழுந்தது. டிபன் டப்பா உருண்டு திறந்துகொண்டது. காலையில் நானே கட்டிக்கொடுத்த நான்கு இட்லியும் அப்படியே இருந்தன. ஒன்றில்கூடக் கை படவில்லை. கூடவே ஒரு மாத்திரை அட்டை. டீச்சருக்குச் சர்க்கரை வியாதி என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் அந்தப் பட்டினிக்கும் இந்த வியர்வைக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குத் தெரியாது.

எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. எப்படியாவது நிறுத்தும் என்று நான்தானே கேட்டேன்!

"நான் கேட்டது இது இல்ல ஆண்டவரே. பரீட்சை நடக்கட்டும். நான் ஊருக்கே போயிடறேன். டீச்சரக் குடுத்துடுங்க." கத்திக்கொண்டே அடுத்த தெருவுக்கு ஓடினேன். கடைசி வீட்டுக் கூரைக்கு மேல் புகை தெரிந்தது. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. இரண்டு கையாலும் தட்டினேன். "அக்கா, கதவத் தெறங்க! தண்ணி குடுங்க!" என்று தமிழில்தான் கத்தினேன்.

உள்ளே ஒரு இளம் பெண்குரல். கன்னடத்தில் யாரு என்றது. மாமியார் வீட்டில் இல்லை, போய்விடுங்கள் என்றது. நான் சொன்னது எதுவும் அவளுக்குப் புரியவில்லை என்று தெரிந்தது.

மூன்று மாதம் படித்த பாடம் எல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. நெற்றியைக் கதவில் வைத்தேன். அழுகையோடு ஒரே வாக்கியம்தான் வந்தது.

"நங்கெ பயா ஆக்திதெ, அக்கா."

உள்ளே காலடிச் சத்தம் கதவருகே வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் மெதுவாக, "நங்கூ பயா" என்று கேட்டது. எனக்கும் பயம் என்கிறாள்!

அதன் பிறகு எனக்கு வாய் திறந்தது. டீச்சர் விழுந்துவிட்டார், மரத்தடியில் இருக்கிறார், தண்ணீர் கொடுங்கள் என்று தப்பும் தவறுமாகக் கன்னடத்தில் சொன்னேன். தாழ் விலகியது. என்னைவிடச் சின்னவளாக இருந்தாள். கழுத்தில் மஞ்சள்கயிறு புதுசு. சொம்பை எடுத்துக்கொண்டு என்னோடு ஓடிவந்தாள். டீச்சரைப் பார்த்தாள். வியர்வையைத் தொட்டுப் பார்த்தாள். உருண்டு கிடந்த இட்லியையும் மாத்திரை அட்டையையும் பார்த்தாள். சொம்பை என் கையில் திணித்துவிட்டு வீட்டுக்குத் திரும்ப ஓடினாள். பயந்து ஓடிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். சொம்பைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன்.

அவள் வெல்லக்கட்டியோடு வந்தாள். அதைப் பல்லால் கடித்துப் பொடியாக்கி, டீச்சர் தலையைத் தன் மடியில் சாய்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கன்னத்துக்குள் வைத்துத் தேய்த்தாள். தன் அப்பாவுக்கும் இப்படி வரும், தன் அம்மா இப்படித்தான் செய்வாள் என்றாள். நான் தண்ணீர் ஊற்றப் போனபோது கையைத் தட்டிவிட்டாள். முழுங்கத் தெரியாமல் புரை ஏறிவிடும் என்று சைகையில் காட்டினாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. டீச்சர் கண்ணைத் திறந்து, சுற்றிப் பார்த்து, என்னைப் பார்த்து, உதட்டின்மேல் விரலை வைத்தார். பேசக்கூடாதாம்! பரீட்சையாம்!

நான் அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

என் சத்தம் கேட்டு வயலிலிருந்து ஆட்கள் வந்தார்கள். டிராக்டரில் ஏற்றி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனோம். சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம்தான் என்று நர்ஸ் சொன்னார். அந்தப் பெண்ணுடைய மாமியாரும் கூடவே வந்திருந்தார். நான் உடைந்த கன்னடத்தில் நன்றி சொல்லப்போனேன். அவர் நல்ல தமிழில் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஏம்மா, வூட்டுல கன்னடம் பேசுனாலும் எங்க ஊருல அத்தன பேரும் தமிழ் பேசுவோமே. எம் மருமவ ஒருத்திதான் கர்நாடகா பக்கத்துலருந்து வந்து தமிழ் தெரியாம முழிச்சிட்டுக் கெடக்குறா. உனக்குன்னு போயி அவளா மாட்டுனா?"

ஊரே வயலுக்குப் போயிருந்தது. வீட்டில் இருந்தது அவள் ஒருத்தி. தமிழ் தெரியாதவளும் அவள் ஒருத்தி. அந்த வெல்லத்தின் காரியம் தெரிந்தவளும் அவள்தான். பரீட்சையை நிறுத்தச் சொன்னேன். என்னுடைய பரீட்சையை ஆண்டவர் அந்தக் கதவுக்கு முன்னால்தான் வைத்திருந்தார். தண்ணீர்தான் கேட்டேன். கேட்டபடியே கொடுத்திருந்தால் டீச்சர் இன்றைக்கு இல்லை.

மூன்றாம் நாள் டீச்சர் காலைப் பிடித்துக்கொண்டு என் ஜெபத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அடிப்பார் என்று நினைத்தேன்.

"அடி பைத்தியமே! உன் ஜெபத்துக்கு அவ்வளவு பவர் இருந்தா, மொதல்ல உன் பயத்த நிறுத்தியிருக்கலாமே!" என்று சிரித்தார். பிறகு அவரே அழுதார். ஒவ்வொரு பெண்ணின் பரீட்சை நாளிலும் அவளுக்காக உபவாசம் இருப்பாராம். சர்க்கரை வந்த பிறகும் விடவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. அன்றைக்குப் பழக்கத்தில் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டிருக்கிறார். "ஆண்டவருக்குத்தானே செய்யறோம், ஒண்ணும் ஆவாதுன்னு இருந்துட்டேன்டி. நீயும் என்னை மன்னிச்சுக்க" என்றார். எனக்காகத்தான் பசியோடு இருந்திருக்கிறார்.

இப்போது பரீட்சை நாளில் டீச்சர் எங்கள் முன்னால் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். உடம்புக்கு முடியாவிட்டால் உடனே வாய் திறக்க வேண்டும், போனும் கூடப் போகும். இது எங்கள் மையத்தில் புதுச் சட்டம்.

நான் தேறினேனா இல்லையா என்று யாரும் சொல்லவில்லை. கேட்கவும் எனக்குத் தைரியம் இல்லை. பெட்டியைக் கட்டித் தயாராக வைத்திருந்தேன். பத்து நாள் கழித்து, பஸ் கண்டக்டர் ஒரு மஞ்சள் பையை வாசலில் இறக்கிவிட்டுப் போனார். உள்ளே புது ராகி. ஒரு படிக்கு மேலேயே இருக்கும். மேலே ஒரு வெல்லக்கட்டி. தங்கள் ஊருக்கு மொழி கற்க வந்த பெண்ணிடம் கொடுக்கச் சொல்லி அந்த வீட்டு மருமகள் கொடுத்தனுப்பினாளாம்.

டீச்சர் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு என் கையில் கொடுத்தார். "இந்தா, சீட்டுல இருந்தது வந்துடுச்சு. போயி பெட்டியப் பிரி" என்றார்.

அன்புள்ளவர்களே, எனக்குப் பயம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். இன்றைக்குக்கூட அடுப்பை இரண்டு தடவை பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன். முன்பு மூன்று தடவை. ஆனால் ஜெபத்தில் 'எப்படியாவது' என்று சொல்வதை விட்டுவிட்டேன். எப்படி என்பதை அவரே பார்த்துக்கொள்ளட்டும். உங்களில் யாராவது இன்றைக்கு ஒரு பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்கிறீர்களா? அழகாக ஜெபிக்க வார்த்தை வரவில்லையா? வருகிற ஒன்றைச் சொல்லுங்கள். பயமாக இருக்கிறது என்றாவது சொல்லுங்கள். எனக்கு அந்த ஒன்றுதான் தெரிந்திருந்தது. அதற்கே கதவு திறந்தது.