எழாத முள்

எனெய்தாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஹவானாவின் லுயனோ வட்டாரத்தில் இதை மறுக்க ஆளில்லை, அவளும் மறுக்கமாட்டாள். தெருப்பக்கத்து ஜன்னல் கம்பியில் ஒரு தகரப் பலகையைத் தொங்கவிட்டிருந்தாள். அதில் அவள் பெயரும் இல்லை, தொழிலும் இல்லை. ‘இங்கே சரிசெய்த முள் பொய் சொல்லாது’ என்று சிவப்புச் சாயத்தில் எழுதியிருந்தது, அவ்வளவுதான். ஹவானாவில் பழைய அமெரிக்கக் கார்களை டாக்சியாக ஓட்டுகிறவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

அந்தக் கார்களில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் வட்ட வட்டமாக மீட்டர்கள் இருக்கும். வேகத்துக்கு ஒன்று, பெட்ரோலுக்கு ஒன்று, எண்ணெய்க்கு ஒன்று, இஞ்சின் சூட்டுக்கு ஒன்று. பெரும்பாலான வண்டிகளில் அவை செத்துப் பல காலம் ஆகிறது. டாக்சிக்காரர்கள் பெட்ரோலைக் குச்சி விட்டுப் பார்ப்பார்கள், சூட்டை மூக்கால் கண்டுபிடிப்பார்கள். வேகத்தைப் பின்சீட்டுக் கிழவிகள் கத்துவதை வைத்துத் தெரிந்துகொள்வார்கள். அதிலேயே பழகிப்போனவர்கள் எதற்கு எனெய்தாவிடம் வருகிறார்கள் என்றால், வம்பு பண்ணத்தான் பாதிப் பேர். மீதிப் பேர் வேலையோடு வருவார்கள்.

கூரை மடங்கும் கன்வர்ட்டிபிள் கார் வைத்து வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிச் சுற்றும் ஒருவன் ஒருமுறை வந்தான். எல்லா முள்ளையும் நடுவில் நிற்கிற மாதிரி ஒட்டிக் கொடுக்கச் சொன்னான். புகைப்படத்துக்கு அழகாக இருக்குமாம். அவன் தெருமுனை தாண்டும்வரை எனெய்தா ஜன்னலிலிருந்து பேசிக்கொண்டே இருந்தாள். அன்று தெருவே அவனுடைய அம்மா வழி உறவினரைப் பற்றியெல்லாம் தெரிந்துகொண்டது.

இந்த அகம்பாவம் அவளுக்குச் சும்மா வரவில்லை. மத்தான்சாஸ் பக்கம் ஒரு சர்க்கரை ஆலையில் கொதிகலன்களின் அழுத்தமானிகளைச் சரிபார்க்கும் அறையில் வேலை பார்த்தவள் அவள். அங்கே ஒரு முள் பொய் சொன்னால் ஆள் செத்துப்போவான். ஆலையை மூடியபோது ஒரு திருப்புளிப் பெட்டியோடு தலைநகருக்கு வந்தாள். அப்புறம் இரண்டு கல்யாணம். இரண்டு பேருமே முகப்பில் நன்றாகக் காட்டி, உள்ளே இணைப்பு இல்லாத ஆட்கள் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். மனிதர்களிடம் ஏமாந்தேனே தவிர மீட்டரிடம் ஏமாந்ததில்லை என்பாள்.

ஒரு வாரத் தொடக்கத்தில் லியோவிகில்தோ வந்தான். லியோவி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஐம்பதைத் தாண்டியவன், ஃப்ரத்தெர்னிதாத் பூங்காவுக்கும் லா விபோராவுக்கும் நடுவே ஐம்பத்தொன்றாம் வருஷத்து செவர்லே ஓட்டுகிறவன். அந்தத் தடத்தில் ஓடும் கார்களிலேயே தொழிற்சாலையில் வைத்த இஞ்சின் இன்னும் உள்ளேயே இருப்பது அவனுடையது ஒன்றுதான். மற்றதெல்லாம் வெளியே அமெரிக்கா, உள்ளே கொரியா டீசல். உட்கார்ந்தால் பல் ஆடும், இறங்கினால் சட்டையில் புகை நாறும். லியோவியின் வண்டியில் மட்டும் பின்சீட்டில் இருப்பவர்கள் ரகசியம் பேசலாம். அதற்காகவே காத்திருந்து ஏறுகிறவர்கள் உண்டு.

ஆனால் அந்த இஞ்சின் பெட்ரோலைக் குடித்தது. ஊரில் பெட்ரோல் கிடைப்பதே பெரும்பாடாக இருக்கும்போது, வரிசையில் நிற்கும் நேரம் ஓட்டும் நேரத்தைவிட அதிகமாகிவிட்டது. அதனால் முடிவெடுத்துவிட்டான். வெள்ளிக்கிழமை மெக்கானிக் எலியெசெரின் பட்டறையில் பழையதைத் தூக்கிவிட்டு டீசலை இறக்குவது. தூக்கினால் திரும்ப வைக்க முடியாது. தாங்கிகளை அறுத்து, முன்பக்கத்தை வெட்டித்தான் டீசலை உட்கார வைப்பார்கள். சூடேறினால் டீசல் இஞ்சினின் மேல்மூடி வெடித்துவிடும், அதனால் சூடு காட்டும் மீட்டர் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று எலியெசெர் சொல்லியிருந்தான். அதற்காகத்தான் லியோவி செத்துக் கிடந்த மீட்டரைக் கழற்றி எடுத்து வந்திருந்தான்.

“இஞ்சின் போறதுல உனக்கு வருத்தமா?” என்று எனெய்தா கேட்டாள்.

“வருத்தப்பட்டா வண்டி ஓடுமா தாயி? குடிகாரனை எத்தனை நாளைக்கு வீட்ல வச்சிக்கிறது,” என்றான். சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தான். அந்தப் பார்வை எனெய்தாவுக்குப் பிடிக்கவில்லை. அவனுக்கு மனசில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

அந்த மீட்டர் ஒரு வினோதமான பொருள். மீட்டரிலிருந்து நூல் மாதிரி ஒரு செம்புக் குழாய் இஞ்சின்வரை போகும். அதன் நுனியில் ஒரு குமிழ், குமிழுக்குள் ஈதர். தண்ணீர் சூடானால் ஈதர் ஆவியாகி முள்ளைத் தள்ளும். குழாய் எங்கேயாவது விரிசல் விட்டால் ஈதர் பறந்துவிடும், மீட்டர் பிணம். புதிதாக ஈதர் நிரப்ப ஹவானாவில் யாராலும் முடியாது. எனெய்தா என்ன செய்வாள் என்றால், உடைந்த ரஷ்ய டிராக்டர் ஒன்றின் மீட்டரிலிருந்து குமிழையும் குழாயையும் உயிரோடு அறுத்து, அமெரிக்க மீட்டரில் ஒட்டுப்போடுவாள். அறுக்கும் நேரத்தில் ஈதர் தப்பிக்காமல் இருக்க, குமிழ் உப்புக் கலந்த ஐஸுக்குள் கிடக்க வேண்டும்.

அன்றைக்குப் பார்த்து மின்சாரம் இல்லை, ஐஸும் இல்லை. பக்கத்து வீட்டு ஃபெலா கொய்யாப்பழச் சாற்றைக் கோப்பையில் உறையவைத்து விற்பவள். உருகிப் போகுமே என்று ஃப்ரீசரைத் திறக்காமல் காவல் காத்துக்கொண்டிருந்தாள். எனெய்தா அத்தனை கோப்பையையும் பேசி வாங்கி, உடைத்து, உப்பைக் கொட்டிக் குமிழைப் புதைத்தாள். பற்றவைக்கும் இரும்பைக் கொல்லையில் கரியில் காயவைத்து, தணல் உள்ளே வராமல் இரும்பை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். ஈதர் தீயைக் கண்டால் சும்மா இராது. மூன்றாம் ஓட்டத்தில் இணைப்பு பிடித்துக்கொண்டது. வீடு முழுக்கக் கொய்யா வாசனை, எறும்பு வேறு.

கொதிக்கும் தண்ணீரில் குமிழை விட்டாள், முள் விறுவிறுவென்று மேலே போனது. வெளியே எடுத்தாள், இறங்கியது. திருப்தியாக ஒரு காப்பி போட்டுக் குடித்தாள்.

எனெய்தாவிடம் ஒரு வழக்கம். சரிசெய்த மீட்டரை வண்டியில் பொருத்தி, தானே உட்கார்ந்து ஒரு நடை போய்ப் பார்க்காமல் கொடுக்கமாட்டாள். டீசல் வரும்வரை பொறுக்கமுடியாது, இருக்கிற இஞ்சினிலேயே பார்த்துவிடலாம் என்று பழைய இஞ்சினில் குமிழைத் திருகினாள். லியோவியின் பக்கத்தில் உட்கார்ந்தாள், பின்னால் ஆட்கள் ஏறினார்கள். வண்டி நகரத்தைக் குறுக்காகக் கடந்து, மேடேறி, லா விபோராவுக்கே போய்விட்டது. உச்சி வெயில். முள் அடியில் கிடந்தது. லேசாகத் தலைதூக்கி, அதோடு நின்றுவிட்டது.

பின்சீட்டில் இருந்த ஒரு தபால்காரர், “பலகை ஒண்ணு சொல்லுது, முள்ளு ஒண்ணு சொல்லுதே,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். லியோவியும் சிரித்தான். சாயங்காலத்துக்குள் டாக்சி வரிசை முழுக்கச் செய்தி பரவிவிட்டது. எனெய்தாவின் முள் தூங்குகிறது.

எனெய்தாவுக்கு முகம் சிவந்துவிட்டது. உள்ளுக்குள் ஒரு சந்தேகமும் வந்தது. இணைப்பு கசிகிறதோ? தன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தச் சொல்லி, குமிழைக் கழற்றி, லியோவியின் கண்ணெதிரே மறுபடி கொதிநீரில் போட்டாள். முள் துள்ளிப்போய் மேலே நின்றது. மறுபடி இஞ்சினில் திருகினாள், படுத்துக்கொண்டது.

“முள்ளு சரியா இருக்கு லியோவி. உன் இஞ்சின் குளிர்ந்து கிடக்கு.”

“இந்த ஊர்லயா? தார் ரோடே உருகுது. இஞ்சின் குளிருதாம்! தோத்துட்டேன்னு ஒத்துக்கயேன்.”

“நான் ஒத்துக்க மாட்டேன். தெர்மோஸ்டாட் எங்கே?”

லியோவி இதென்ன கேள்வி என்பதுபோல் பார்த்தான். தண்ணீர் சூடாகும்வரை அதைத் தடுத்து நிறுத்தும் சின்ன வால்வு அது. அதை அவன் இருபது வயதிலேயே எடுத்து எறிந்துவிட்டான். அவன் மட்டுமில்லை, ஊரே எறிந்துவிட்டது. பனி பெய்கிற நாட்டுக்காரன் தன் குளிருக்காக வைத்த சாமான், நமக்கெதற்கு என்று எலியெசெர் ஒவ்வொரு வண்டியிலும் அதைக் கழற்றிப் போட்டிருந்தான். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. யாரும் எதிர்த்துக் கேட்டதில்லை.

எனெய்தா வண்டிக்குள் தலையை நுழைத்துப் பார்த்தாள். சோக் பிடி பாதி இழுத்தபடி இருந்தது. பெட்ரோலை அதிகமாக ஊற்றும் அந்தப் பிடி, காலையில் வண்டியைக் கிளப்புவதற்கு மட்டும் இருப்பது.

“இதை எப்போ உள்ளே தள்ளுவே?”

“தள்ளினா நின்னுபோயிடும். எப்பவும் இப்படித்தான்.”

அவளுக்கு எல்லாம் பிடிபட்டுவிட்டது. குளிர்ந்த இஞ்சின் சோக் இல்லாமல் ஓடாது. சோக் இழுத்து ஓடினால் இரண்டு பங்கு குடிக்கும். இத்தனை வருஷமாகக் குடித்தது இஞ்சின் இல்லை, லியோவியேதான் கழுத்தைப் பிடித்து ஊற்றியிருக்கிறான். இதை அவள் அவனிடம் சொன்னவிதம் இன்னும் நயமாக இருந்திருக்கலாம். அவன் கோபித்துக்கொண்டு கதவைச் சாத்தினான். ஆனால் வண்டியை எடுக்கவில்லை.

ரஷ்ய வோல்கா கார் ஒன்றின் தெர்மோஸ்டாட்டை எங்கேயோ பிடித்து வந்தாள். இஞ்சினில் அது உட்காரும் வாய் பெரிதாக இருந்தது. பித்தளையில் ஒரு வளையம் கடைந்து உட்காரவைத்தாள். மறுநாள் வியாழக்கிழமை. லியோவி நம்பிக்கையே இல்லாமல் வண்டியைக் கிளப்பினான். எட்டுத் தெரு தாண்டுவதற்குள் முள் எழுந்தது. மெதுவாக ஏறி நடுவுக்கு வந்து நின்றது.

இஞ்சின் கொதிக்கிறது என்று லியோவி பயந்துவிட்டான். தன் வாழ்நாளில் அந்த முள் அங்கே நின்று அவன் பார்த்ததில்லை. நடுரோட்டில் பிரேக் போட்டு, இஞ்சினை அணைத்து, இறங்கி ஓடிப்போய் மூடியைத் தூக்கினான். பின்னால் பஸ் ஹார்ன் அடித்தது. ஏறியிருந்தவர்கள் திட்டினார்கள். எனெய்தா உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

“வந்து உட்காரு ராசா. அது சூடில்ல, ஆரோக்கியம். இப்போ சோக்கை உள்ளே தள்ளு.”

தள்ளினான். இஞ்சின் நிற்கவில்லை. இன்னும் மெத்தென்று ஓடியது. அன்று முழுக்க ஓட்டிவிட்டுச் சாயங்காலம் டாங்கில் குச்சியை விட்டுப் பார்த்தான். நம்பாமல் துடைத்துவிட்டு மறுபடி விட்டான். குச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டான். கண் கலங்கியிருந்தது, அதை மறைக்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை இருவருமாக எலியெசெரின் பட்டறைக்குப் போனார்கள். எனெய்தா போக வேண்டிய அவசியமே இல்லை. எலியெசெரின் முகத்தைப் பார்க்க வேண்டும், நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்றுதான் போனாள். வழியெல்லாம் அந்த நாலு வார்த்தையை மனசுக்குள் தீட்டிக்கொண்டே போனாள்.

டீசல் சங்கிலியில் தயாராகத் தொங்கியது. எலியெசெர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். அறுபதை நெருங்கும் தடித்த மனிதன், ஊரில் பாதி வண்டிக்கு மாற்று இஞ்சின் வைத்தவன். லியோவி விஷயத்தைச் சொன்னதும் வாய்விட்டுச் சிரித்தான்.

“முள்ளு பேச்சைக் கேட்டு டீசலை வேண்டாங்கறியா மச்சான்? இவ மந்திரம் வச்சிட்டா.”

லியோவி மூடியைத் தூக்கி, இஞ்சினை ஓடவிட்டு, மீட்டரைக் காட்டினான். பிறகு சோக் பிடியைக் காட்டினான். அது உள்ளே கிடந்தது. எலியெசெர் குனிந்து இஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்தான். சுட்டதும் கையை எடுத்தான். சிரிப்பு போய்விட்டது.

அவன் நிமிர்ந்து கொல்லைப்பக்கம் நடந்தான். அங்கே மாமரத்தடியில், அவன் இத்தனை காலமாகத் தூக்கிப்போட்ட இஞ்சின்கள் துருப்பிடித்துக் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றும் குடிக்கிறது என்று தூக்கியவை. அவன் கடைசியில் கிடந்த நீளமான ஒன்றிடம் போய், மேலே படர்ந்த கொடியைப் பிய்த்து, ஸ்பானர் போட்டு முன்பக்க மூடியைத் திறந்தான். தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடத்தில் காய்ந்த மண்தான் இருந்தது.

“எங்கப்பாவோட பியூக்,” என்றான் யாரையும் பார்க்காமல். “முதமுதல்ல நான் கழட்டினது இதுலதான். அப்புறம் பெட்ரோல் தாங்கலைன்னு இஞ்சினையே தூக்கினேன். அவர் வேண்டாம் வேண்டாம்னார். அதுக்கப்புறம் சாகற வரைக்கும் அந்த வண்டில ஏறலை.”

எனெய்தா கொண்டுவந்த நாலு வார்த்தையும் அவளிடமே இருந்தது. ஜெயித்துவிட்டாள், சந்தேகமில்லை. அந்தக் குவியலைக் கண்ணாலேயே எண்ணிப் பார்த்தாள். இதில் எத்தனை நல்ல இஞ்சின்கள்.

எலியெசெர் மூடியைத் திரும்ப வைத்து, ஒவ்வொரு போல்ட்டாக இறுக்கினான். பிறகு பட்டறைக்குள் போய்ச் சங்கிலியைத் தளர்த்தி டீசலைத் தரையில் இறக்கினான். லியோவியை வண்டியை எடுக்கச் சொன்னான். வண்டி வாசலைத் தாண்டும்போது எலியெசெரே வந்து எனெய்தாவின் பக்கத்து ஜன்னலைத் தட்டினான்.

“திங்கட்கிழமை ஒரு போன்டியாக் வருது, இஞ்சினைத் தூக்க. முதல்ல உங்கிட்ட அனுப்பறேன். உன் முள்ளு என்ன சொல்லுதோ அதைச் செய்யறேன்.”

எனெய்தா சரி என்றாள்.